கழுதைச் சுனையின் கதவு

மேடேறியதும் ஆர்டித்துக்கு முதலில் எட்டியது நாற்றம்தான். கண்ணுக்கு எதுவும் படவில்லை. சாம்பல் பச்சையில் சேஜ் என்கிற வறள்நிலப் புதர்கள், அதற்கப்பால் கறுத்த கல்விளிம்பு, அதற்கும் மேலே ஆகஸ்ட் மாதத்து வெளுத்த வானம். எங்காவது ஒரு மான் செத்துக் கிடக்கும் என்று நினைத்து பிக்கப் வண்டியின் கண்ணாடியை ஏற்றினாள். இன்னும் கால் மைல் போன பிறகுதான் கழுகுகளைப் பார்த்தாள். வேலிக் கம்பத்துக்கு ஒன்றாக வரிசையாக உட்கார்ந்திருந்தன. வண்டிச் சத்தம் கேட்டும் ஒன்றுகூட எழும்பவில்லை. அவ்வளவு தின்றிருந்தன.

அந்தப் பக்கத்தில் நிலத்தை ஏக்கரில் சொல்கிறவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரன் தண்ணீரின் பேரைச் சொல்லித்தான் இடத்தைச் சொல்வான். கழுதைச் சுனை என்பது பாறைக்கு அடியிலிருந்து கட்டைவிரல் தடிமனில் கசிகிற ஓர் ஊற்று. அதைக் குழாயில் இறக்கி, சுரங்க லாரியின் பழைய ராட்சத டயர் ஒன்றைப் படுக்கப்போட்டுத் தொட்டியாக்கி நிரப்பியிருந்தார்கள். தொட்டி வேலிக்கு இந்தப் பக்கம். ஆர்டித்தின் மாடுகள் மேயும் மேட்டு நிலம் அந்தப் பக்கம். நடுவே ஒரு கம்பிக் கதவு. கதவென்றால் பெரிய கதவு ஒன்றுமில்லை, நாலைந்து கட்டைகளில் முள்கம்பியைக் கோத்து, கடைசிக் கட்டையைக் கம்பத்து வளையத்தில் செருகி இறுக்குவது. மே மாதம் திறந்தால் அக்டோபர் வரை திறந்தே கிடக்கும். பதினோரு மைலுக்கு வேறு தண்ணீர் கிடையாது. மேட்டின் மேல் ஒரு மண்குட்டை உண்டு, அதுவும் ஜூலை முடிந்தால் வெறும் சேறு.

கதவு சாத்தியிருந்தது.

வண்டியை நிறுத்தினாளா, அது தானாக நின்றதா என்று அவளுக்கே தெரியாது. கதவை ஒட்டி ஒன்றின் மேல் ஒன்றாக, இருபதுக்கு மேல் இருக்கும், செத்துக் கிடந்தன. சில முள்கம்பிக்குள் தலையை விட்டுத் தோல் கிழிந்து மாட்டிக்கொண்டு செத்திருந்தன. பதினேழாம் நம்பர், அவள் சமையலறை அடுப்புக்குப் பின்னால் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த மாடு, எல்லாவற்றுக்கும் முன்னால் கிடந்தது. அதன் கழுத்து கதவின் மேல்கம்பியைத் தாண்டி இந்தப் பக்கம் தொங்கியது. கறுத்து வீங்கிய நாக்கு தொட்டியைப் பார்த்து நீண்டிருந்தது. தொட்டிக்கும் அந்த நாக்குக்கும் இடையில் முப்பது அடி. தொட்டி நிரம்பி வழிந்து, வழிந்த இடத்தில் பச்சைப் பசேலென்று புல் முளைத்திருந்தது. ஐந்து நாளும் அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கின்றன.

பின்னால் நாற்பது மாடுகளுக்குக் குறையாமல் இன்னும் நின்றுகொண்டிருந்தன. கத்தவில்லை. கத்துகிற கட்டத்தைத் தாண்டிவிட்டிருந்தன. கண் குழிக்குள் போய், விலா எலும்பு எண்ணுகிற மாதிரி துருத்தி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்றன.

"ஃபெர்மின்," என்றாள் ஆர்டித் வாய்விட்டு. "நாசமாப் போறவனே."

அவளுக்குச் சந்தேகமே இல்லை. செவ்வாய்க்கிழமை மாடுகள் நக்குவதற்கான உப்புக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தபோதே கதவு சாத்தியிருந்தது, தன் கண்ணால் பார்த்தாள். தொட்டிக்கு அருகே பக்கத்து நிலத்துக்காரன் ஃபெர்மின் உருட்டியாவின் இரண்டு காளைகள் நின்றன. மூன்றாவதைத் தேடிப் போன அவன் குதிரையின் புழுதி தூரத்தில் தெரிந்தது. சரி, தன் காளைகள் என் மாடுகளோடு கலக்கக்கூடாதென்று சாத்தியிருக்கிறான், ஒரு மணி நேரத்தில் வந்து திறந்துவிடுவான் என்றுதான் எவளும் நினைப்பாள். அந்த ஊரில் பால்குடி மறப்பதற்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: கதவை எப்படிக் கண்டாயோ அப்படியே விட்டுப் போ. திறந்திருந்தால் திறந்தபடி, சாத்தியிருந்தால் சாத்தினபடி. அடுத்தவன் காரணத்தை நீ ஆராயாதே. அவள் கதவைத் திறந்து, மேட்டில் உப்பை வைத்துவிட்டு, திரும்பச் சாத்திவிட்டுப் போனாள். பிறகு கீழ்ப் புல்வெளியில் அறுவடை. இரண்டு நாளில் வந்து பார்ப்பது வழக்கம். புல்லைக் கட்டாகக் கட்டும் இயந்திரம் உடைந்து, உதிரி வர மூன்று நாளாகி, ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

இந்தச் சுனைக்காக இரண்டு குடும்பமும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. முதல் உரிமை தன் பாட்டன் ஆடுகளுக்குத்தான் என்று ஃபெர்மின் மனு போட்டான். விசாரணையில் ஆர்டித் எழுந்து, "அவன் பாட்டன் வாயைத் தொறந்தாப் பொய்" என்று ஊர் கேட்கச் சொன்னாள். தண்ணீர் ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பாயிற்று. பேச்சு மட்டும் யாருக்கும் இல்லையென்று ஆயிற்று. அவள் கணவன் குதிரை மேலே உருண்டதில் நசுங்கிச் செத்தபோதுகூட ஃபெர்மின் கல்லறை வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டான்.

துப்பாக்கியை எடுத்தாள். வேலியைத் தாண்டிப் போய், விழுந்து எழ முடியாமல் காலை உதைத்துக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டாள். காதுக்கும் கண்ணுக்கும் நடுவில். ஒரு மாட்டின் கண்களைக் கழுகு முன்னமே கொத்தியிருந்தது, உயிர் இருந்தது. அதைச் சுட்டபோது மட்டும் ஏதோ சொன்னாள், என்ன சொன்னாளென்று அவளுக்கு நினைவில்லை. அருகில் நின்ற மாடுகள் வெடிச் சத்தத்துக்கு மிரளவே இல்லை. மிரளவும் ஈரம் வேண்டும் போலிருக்கிறது. ஏழு குண்டோடு துப்பாக்கி காலியானது.

கதவைத் திறந்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் மாடு வளர்த்தறியாதவர்கள். ஐந்து நாள் வறண்ட மாடு வயிறு முட்டக் குடித்தால் மூளை வீங்கி அரை மணியில் விழுந்துவிடும். அதுவும் உப்பு நக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். உப்பை அவளே கொண்டுவந்து கொடுத்திருந்தாள். ஐந்தைந்தாக விட்டு, பத்து வாய்க்கு மேல் குடிக்கவிடாமல் அடித்து விரட்டி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி விட வேண்டும். ஒற்றை ஆளால் நாற்பது மாட்டை எப்படித் தடுப்பது? உதவிக்கு வீட்டுக்குப் போய் ஆள் கூட்டிவர மூன்று மணி நேரம். அதற்குள் பாதி போய்விடும்.

தொட்டி நிரம்பியிருக்கும்வரை கதவைத் தொட முடியாது. சுனைக் குழாயை அடைத்தாள். தொட்டியின் அடியில் இருந்த மூடியை, குழாய் திருகுகிற கனத்த இரும்பு ரிஞ்ச் போட்டுத் திருகித் திறந்தாள். தண்ணீர் பீறிட்டு மணலில் பாய்ந்தது. அந்தச் சத்தம் கேட்டதும்தான் மாடுகளிடமிருந்து ஒரு ஒலி வந்தது. கதறல் என்று சொல்ல முடியாது, காய்ந்த தொண்டையில் காற்று உரசுகிற சத்தம், நாற்பது தொண்டையில் ஒரே நேரத்தில். எல்லாம் வேலியில் வந்து மோதின. முள்கம்பி முறுகிக் கிறீச்சிட்டது. செத்த மாடுகளின் மேல் ஏறி மிதித்துக்கொண்டு வந்தன. ஆர்டித் முழங்காலில் நின்று, அந்தத் தண்ணீர் வீணாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டே, கணுக்கால் அளவுக்கு வற்றும்வரை மூடியைக் கையில் வைத்திருந்தாள். பாவி, பாவி என்று தன்னைத்தான் சொல்லிக்கொண்டாளா, அவனையா, யாருக்குத் தெரியும்.

மூடியைத் திரும்பத் திருகிவிட்டு நிமிர்ந்தபோது ஃபெர்மின் குதிரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

அறுபது வயது ஆள், ஒல்லி, மீசை நரைத்துவிட்டது. கழுகைப் பார்த்து வந்திருக்க வேண்டும். அவன் கண் முதலில் செத்த மாடுகளுக்குப் போயிற்று, அப்புறம் கதவுக்கு. கதவின் மேல்வளையம் பதினேழாம் நம்பரின் கழுத்துக்கு அடியில் மறைந்திருந்தது. அந்த இடத்தை அவன் ஒரு கணம் அதிகமாகப் பார்த்தான். அந்தப் பார்வையை ஆர்டித் பார்த்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்தாள். துப்பாக்கியில் ஒரு குண்டு மிச்சம் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"ஆர்டித்," என்றான். பதினோரு வருஷத்தில் முதல் வார்த்தை.

அவள் நடந்து போய் ரிஞ்சை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள். தலையைக் குறிவைத்தது கழுத்துப்பட்டை எலும்பில் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. அவன் மண்டியிட்டு விழுந்தான். இரண்டாவது அடி கன்னத்தை உரசிக் காதைக் கிழித்தது. குதிரை பின்வாங்கியது.

"வாயில்லாத ஜீவனுடா!" அவள் குரல் உடைந்தது. "எம்மேல கோவம்னா என்னை வந்து வெட்ட வேண்டியதுதானே! அது என்னடா செஞ்சுது உன்னை? இதுக்கா ஆம்பளைன்னு தொப்பி போட்டுக்கிட்டுத் திரியற?"

ஃபெர்மின் கையைத் தூக்கவில்லை. காதிலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வலியில் பல்லைக் கடித்து மூச்சு வாங்கினான். மூன்றாவது அடிக்கு அவள் ஓங்கியபோதுதான் சொன்னான்:

"மொதல்ல மாடு. அப்புறமா என்னைக் கொல்லு."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"தொட்டியை வத்த விட்டுட்டியா?"

"விட்டாச்சு," என்றாள்.

"அப்ப நீ தொட்டிகிட்டப் போ. கதவை நான் பாத்துக்கறேன். குதிரையைக் குறுக்க நிறுத்தி அஞ்சஞ்சா விடறேன். ஒத்தக் கை போதும்."

வேறு வழி இருந்தால் அவனோடு ஒரே காற்றைச் சுவாசித்திருக்க மாட்டாள். வண்டியிலிருந்து ஒரு வேலிக் கட்டையை உருவிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். அவன் பதினேழாம் நம்பரின் கழுத்தைத் தோளால் தள்ளிவிட்டு, இடது கையால் பேனாக்கத்தியைத் திறந்து, குனிந்து எதையோ அறுத்தான். அவிழ்க்காமல் ஏன் அறுக்கிறான் என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று. நின்று யோசிக்க நேரமில்லை, முதல் ஐந்தும் வந்துவிட்டன.

அதற்குப் பிறகு நடந்ததை ஆர்டித் யாரிடமும் சொன்னதில்லை. தான் இழுத்துப் பிறக்கவைத்த மாடுகளை, பேர் சொன்னால் திரும்புகிற மாடுகளை, முகத்திலேயே அடித்தாள். பத்து வாய் எண்ணுவாள். பதினொன்றாவதுக்குத் தலை தாழும்போது மூக்குத் தண்டில் கட்டை இறங்கும். அவை போகவில்லை. அடியை வாங்கிக்கொண்டு உறிஞ்சின. கொம்படியில் அடித்தாள், கண்ணோரத்தில் அடித்தாள், மூக்கில் ரத்தம் ஒழுகித் தண்ணீர் சிவந்தது, அந்தச் சிவப்பையும் குடித்தன. "போடி! போதும் போடி, செத்துருவ, போ!" என்று கத்திக் கத்தி அவள் தொண்டையும் கட்டிக்கொண்டது. கட்டை இரண்டாக ஒடிந்தது. மிச்சத்தால் அடித்தாள். கதவில் ஃபெர்மின் குதிரையின் மார்பால் நெருக்கி, ஒடிந்த தோளைக் கம்பத்தில் முட்டுக்கொடுத்து, தள்ளுகிற மாடுகளை பூட்ஸ் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறை மாடு மோதும்போதும் அவனிடமிருந்து ஒரு முனகல் வந்தது. அதைக் கேட்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லிப் பயனில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாவது ஐந்தில் நெற்றிச் சுட்டி மாடு ஒன்று அவளை இடித்துத் தள்ளிவிட்டுத் தொட்டிக்குள் முன்காலை வைத்து இறங்கிவிட்டது. அவள் எழுந்து வாலை முறுக்கினாள், வயிற்றில் குத்தினாள், ரிஞ்சை எடுத்து முதுகில் போட்டாள். அது குடித்தது. குடித்து முடித்துத் தானாக வெளியே வந்து, நாலடி நடந்து, குருட்டு மாடு மாதிரி வட்டமாகச் சுற்றி, விழுந்து, கால்களை விறைத்துக்கொண்டு துடித்தது. குண்டு இல்லை.

"கத்தி!" என்று கத்தினாள்.

ஃபெர்மின் பேனாக்கத்தியை வீசினான். அவள் அதன் தலையை முழங்காலால் அழுத்திக் கழுத்தை அறுத்தாள். சின்னக் கத்தி. நேரமானது.

பொழுது மேற்கே சாய்ந்து கல்விளிம்பின் நிழல் தொட்டி வரை நீண்டபோது முதல் சுற்று முடிந்திருந்தது. குடித்தவற்றைப் பக்கத்துச் சிறு பட்டி வழியாகச் சுற்றிவிட்டு மேட்டுக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். முப்பத்தொன்பது நின்றன. அடுத்த சுற்றுக்கு இன்னும் ஒரு மணி நேரம். அதுவரை கதவைச் சாத்தியாக வேண்டும். மாடுகள் வேலி ஓரத்திலேயே நெருக்கியடித்து நின்றன. நாக்கு நனைந்ததும் குரல் வந்துவிட்டது, அடிவயிற்றிலிருந்து கதறின. ஆர்டித் கட்டையை வளையத்தில் செருகிப் பார்த்தாள். வளையம் தொய்ந்து கிடந்தது, நிற்கவில்லை.

"கட்டறதுக்கு ஏதாச்சும் குடு," என்றாள் அவன் முகத்தைப் பார்க்காமல்.

"எங்கிட்ட எதுவுமில்ல."

பொய். அவன் சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயிற்று நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, புல்கட்டுக் கட்டுகிற கயிறு. அவன் கையால் மூடுவதற்குள் அவள் இழுத்துவிட்டாள். அறுக்கப்பட்ட வளையம். நடுவில் முடிச்சு அப்படியே இருந்தது. இரண்டு சுற்று, ஒரு செருகல், இடப்பக்கமாக முறுக்கி, நுனியைத் தீக்குச்சியால் உருக்கி ஒட்டவைத்த முடிச்சு. அந்த மாவட்டத்தில் அப்படி முடிகிற இடதுகைக்காரி ஒருத்திதான். 'ஆர்டித் கட்டுனதை ஆர்டித்தான் அவுக்கணும்' என்று அவள் கணவன் ஊரெல்லாம் சொல்லிக் கேலி செய்வான்.

கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது, இந்த முறை முழுசாக. உப்பு வைத்துவிட்டுத் திரும்பும்போது வளையம் தொய்ந்திருந்தது. ஒரு கதவை ஒழுங்காகச் சாத்தத் தெரிகிறதா பார் இந்த ஆட்டுக்காரன் பேரனுக்கு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, வண்டியிலிருந்து கயிறெடுத்து, அவனுக்குப் பாடம் கற்பிக்கிற மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள். பத்துப் பேர் இழுத்தாலும் வராத கட்டு. நாற்பது மாடு இழுத்தும் வரவில்லை.

"நீ திரும்பி வந்தியா?"

"ஒரு மணி நேரத்துல வந்தேன். காளையை ஓட்டிக்கிட்டுப் போயிட்டு, தொறந்து விட்டுரலாம்னுதான் வந்தேன்." ஃபெர்மின் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது. "உம் முடிச்சு இருந்துச்சு. நீ ஏதோ காரணமாத்தான் கட்டிருக்கன்னு நெனச்சேன். மாட்டை மேட்டுலயே நிறுத்தறாளாக்கும், குட்டையில தண்ணி இருக்குமாக்கும்னு. எப்படிக் கண்டேனோ அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன்."

"வந்து ஒரு வார்த்தை கேட்டுருக்கக் கூடாதா?"

"கேட்டா பேசிருப்பியா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பதினேழாம் நம்பரின் மேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து வாந்தியெடுத்தாள். வெறும் காப்பித்தண்ணிதான் வந்தது.

"எதுக்குடா ஒளிச்சு வச்ச?" என்று கேட்டாள், வாயைத் துடைத்துக்கொண்டு. "எம் மூஞ்சில விட்டெறிஞ்சிருக்கலாம்ல?"

"சாத்தினது நாந்தானே, மொதல்ல." அவன் கிழிந்த காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்தான். "அதுவுமில்லாம, நீ இன்னும் ரெண்டு அடி அடிக்க வேண்டியிருந்துச்சு. மாட்டைத்தான் சொல்றேன். கயித்தைக் காட்டிருந்தா உன் கை ஓங்கிருக்காது."

கதவு அசைந்தது. பின்னாலிருந்து ஒரு மாடு தள்ள, முன்னால் நின்றது கம்பியில் நெஞ்சை வைத்து அழுத்தியது. ஆர்டித் பாய்ந்து கட்டையைப் பிடித்தாள். மற்ற கையில் கயிறு இருந்தது. அறுந்த இரண்டு நுனியும் கட்டப் போதுமான நீளம்தான். கை தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது. கம்பத்தைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, இடப்பக்கமாக ஒரு முறுக்கு. செருகப் போன விரல் அங்கே நின்றது.

கயிற்றை உருவிக் கீழே போட்டாள். கட்டையின் மேல் இரண்டு கையையும் வைத்து, காலை மண்ணில் ஊன்றி, நெஞ்சால் முட்டுக்கொடுத்து நின்றாள். முள் ஒன்று முன்கையில் இறங்கியது. கட்டை அவளோடு சேர்ந்து அரையடி பின்னுக்கு வந்தது.

ஃபெர்மின் கம்பத்தைப் பிடித்து எழுந்தான். ஒடிந்த பக்கத்துக் கை துவண்டு தொங்கியது. நல்ல தோளைக் கொண்டுவந்து அவள் கைகளுக்குக் கீழே கட்டையில் வைத்தான்.

"எவ்வளவு நேரம் இருக்கு?" என்றாள்.

"முக்கால் மணி."

வேலிக்கு அந்தப் பக்கம் முப்பத்தொன்பது மாடுகளும் தள்ளின. அடைத்திருந்த குழாயை அவன் எப்போது திறந்தானோ, பின்னால் தொட்டியில் கட்டைவிரல் தடிமனுக்குத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் காதிலிருந்து சொட்டிய ரத்தம் அவள் மணிக்கட்டில் விழுந்து வழிந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. இருவரும் தலையைக் குனிந்துகொண்டு கதவைப் பிடித்து நின்றார்கள்.